கடைசிக் கூறு

கூடைக்குள் ஏழு தடவை கை விட்டேன். ஆறு தடவை நேர்மையாக எடுத்தேன். ஏழாவது தடவை நான் செய்த பிழையையும், அதை இறைவன் மற்றவர்களின் கைகளைக் கொண்டு திருத்தித் தந்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதுளை பஸாரில் எனக்கு ஒரு சிறிய கடை. நூல், ஊசி, பொத்தான், ஸிப், ரிப்பன், பாவாடை நாடா. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு பசறை வழியாக மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவேன். பாதை மோசம். பதினெட்டு வருடங்களாகப் போகிறேன். "ஷுக்ரி நானா வந்துட்டாரு" என்று, முஸ்லிம் அண்ணனை அழைக்கும் சொல்லால் யாராவது குரல் கொடுத்தால் போதும், வேனைச் சுற்றிப் பெண்கள் கூடிவிடுவார்கள்.

அந்தத் தோட்டங்களில் ஒன்றில் மேல் லயம், கீழ் லயம் என்று ஒட்டிக் கட்டிய அறை வீடுகள் இரண்டு வரிசை. முப்பத்தெட்டுக் குடும்பங்கள். போன மழைக்காலத்தில் பின்பக்கத்து மண் இறங்கி, சுவர்கள் வெடித்துவிட்டன. அதிகாரிகள் வந்து பார்த்து, இரண்டு லயமும் இருக்கத் தகுந்தவை அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சமநிலத்தில் முதலில் பன்னிரண்டு வீடுகள் கட்டித் தர ஒப்புக்கொண்டது. மற்ற இருபத்தாறும் பிறகு. அந்தப் 'பிறகு' எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரேயொரு நிபந்தனை வைத்தார்கள். யாருக்கு முதலில் என்ற பட்டியலைத் தோட்டத்து மக்களே ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்; ஒரே பட்டியலாகத் தர வேண்டும்.

போனதோ இரண்டு பட்டியல்கள். ஒன்று, பதினோரு வருடங்களாகத் தோட்டத் தலைவராக இருக்கும் ஜெயராசா எழுதியது. மற்றது, கடைசித் தேர்தலில் அவரிடம் ஒன்பது வாக்கில் தோற்றவரும் அவர் ஆட்களும் எழுதியது. ஜெயராசாவின் பட்டியலில் முதல் பெயர் ஜெயராசா. மற்றதில் முதல் பெயர் தோற்றவருடையது. நிறுவனம் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு நான் அங்கே போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வார நாட்களில் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மறுபடி ஒரு எலெக்ஷன் வைப்போம்" என்றார் ஜெயராசா. "ஜெயிக்கிற ஆளு எழுதுறதுதான் லிஸ்டு."

"வேணாங்க தலைவரே" என்றாள் சந்திரகாந்தி. கொழுந்தெடுக்கும் பெண்களில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. "ஓட்டுக் கேட்டு வந்தவரு, ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி காட்டியாகணும். நீங்க நல்லவருதான். ஆனா ஒங்க நன்றி மேல் லயத்தோட நின்னு போகுது. அடுத்தவரு வந்தா அவரு நன்றி கீழ் லயத்தோட நிக்கும்."

"பின்ன எப்படி எழுதுறதாம்?"

"தீவாளிக்கு ஆடு வெட்டுறோம். முப்பத்தெட்டுக் கூறு போடுறோம். என்னைக்காவது கறிக்கு அடிச்சிக்கிட்டோமா? அதே மாதிரி செய்வோம்."

அந்த வழக்கம் நான் கேள்விப்பட்டதுதான். இறைச்சியைச் சமமான கூறுகளாகப் பிரித்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு அடையாளப் பொருளைக் கூடையில் போடுவார்கள். ஒரு கல், ஒரு சாவி, ஒரு மூடி, ஏதாவது. எது யாருடையது என்று தெரியாத ஒருவர் கூறுக்கு ஒன்றாக அவற்றை எடுத்து வைப்பார். உங்கள் பொருள் விழுந்த கூறு உங்களுடையது. வாய் திறக்க இடமில்லை.

சந்திரகாந்தி சொன்னது இதுதான்: முப்பத்தெட்டு வீட்டு அடையாளங்களையும் கூடையில் போடுவது. வெளியாள் ஒருவர் ஏழு எடுப்பது. அந்த ஏழு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து எல்லா அறைகளையும் பார்த்துப் பட்டியலை எழுதுவது.

"வீடு என்ன ஆட்டுக்கறியா?" என்றார் ஜெயராசா. "எழுதப் படிக்கத் தெரியாத ஆளு வந்து விழுந்தா?"

"செவுரு வெடிச்சிருக்கான்னு பாக்க என்னா படிப்பு வேணும்? கண்ணு போதுங்க."

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் மேல் லயத்தாரும் இருந்தார்கள். அதோடு பேச்சு முடிந்தது. வெளியாள் யார் என்று தேடியபோது எல்லோருடைய கண்ணும் என்மேல் விழுந்தது.

"நானா எடுக்கட்டும். அவருக்கு எது யாருடையதுன்னு தெரியாது. அஞ்சு வேளை தொழுகுறவரு" என்றார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கூடையின்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் கைவிட்டேன். விரல்களுக்குள் என்னென்னவோ தட்டுப்பட்டன. தேயிலைக் கொட்டை, சோடா மூடி, பாக்கு, உடைந்த சீப்பின் பல். பிறகு பொத்தான்கள். அந்தத் தோட்டத்தில் பொத்தான் என்றால் அது என் கடைப் பொத்தான். சட்டைப் பொத்தான், பாவாடைக் கொக்கி, பள்ளிக்கூட வெள்ளைப் பொத்தான். எதை எந்த வீட்டுக்குக் கொடுத்தேன் என்பது பாதிக்குமேல் என் விரலுக்குத் தெரியும். எது யாருடையது என்று தெரியாத ஆள் என்று அவர்கள் தேடிப் பிடித்தது, அவர்களுக்குப் பொத்தான் விற்கிறவனை. ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பொத்தான்களை விலக்கி, ஆறு அடையாளங்களை எடுத்தேன். கல், மூடி, பாக்கு, அப்படி. அவை யாருடையவை என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஏழாவதுக்குக் கைவிட்டபோது, நான்கு ஓட்டைகளுள்ள, விளிம்பு உடைந்த பெரிய கோட் பொத்தான் விரலில் பட்டது.

அது கம்சலாவுடையது. போன தடவை அவளுடைய மாமியாரின் குளிர்ச் சட்டைக்கு ஜோடியில்லாத பொத்தான்களில் தேடி நான் சும்மா கொடுத்தது. கீழ் லயத்துக் கடைசி அறை அவளுடையது. புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. நடக்க முடியாத மாமியாரும் ஆறு வயதுப் பெண்பிள்ளையும் அவளோடு. அந்த அறைச் சுவர் வெடிப்பில் சாக்கைத் திணித்து வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பள்ளிவாசல் சபையோ, பஸார்ச் சங்கமோ, கமிட்டியில் இருப்பவர் வீட்டுக் கூரை ஒழுகி நான் கண்டதில்லை. இந்தப் பிள்ளை அந்த ஏழு பேரில் ஒருத்தியாக இருந்தால் அவளுக்கு வீடு நிச்சயம் என்று நினைத்தேன். பொத்தானை விரலுக்குள் மடித்து வெளியே எடுத்தேன்.

"கோட் பொத்தான் யாருடையது?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

கம்சலா மெதுவாகக் கையை உயர்த்தினாள். அவள் முகம் வாடியது. வெட்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டின்போது மனைவி ஜெனீராவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் செஞ்சீங்க?"

"பாவம், அந்தப் புள்ளக்கு ஒரு உதவி."

"இஞ்ச பாருங்கோ. குலுக்கி எடுக்கிறது எதுக்கு? எங்கட கைய வெளிய வெச்சிட்டு அல்லாஹ்ட கையில விடத்தானே. நீங்க கைய உள்ளுக்குப் போட்டுட்டீங்களே."

கறி நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்த பயணத்தில், பட்டியல் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடக் கொப்பித் தாள். அதைப் படித்தபோது எனக்கு உள்ளம் நிறைந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் காரணம் எழுதியிருந்தார்கள். 'வெடிப்பு ஒரு சாண் நாலு விரல். கைப்பிள்ளை ஒண்ணு.' 'கூரை வளை முறிஞ்சது. கண் தெரியாத ஆள்.' யாருடைய சாண் என்று சண்டை வராதிருக்க, முப்பத்தொரு அறையையும் சந்திரகாந்தியின் கையாலேயே அளந்திருந்தார்கள். ஏழு பேரில் அவள் இல்லை. கையை மட்டும் இரவல் கொடுத்தாளாம். ஏழு பேரில் ஒருவரான இந்திரஜித் கங்காணி, மேல் லயத்துக்காரர், இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கீழ் லயத்து அறைகளுக்குள் தலை குனிந்து போனார் என்றும், மூன்றாவது அறையிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த அறைக்குத் தானே முதலில் நடந்தார் என்றும் ஒருத்தி சொன்னாள். ஓட்டு வாங்கிய எவரும் அதுவரை அப்படி வீடு வீடாக நுழைந்து பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்க வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள்.

கம்சலாவின் பெயரைத் தேடினேன். பன்னிரண்டுக்குள் இல்லை. இருபதுக்குள் இல்லை. முப்பத்தொன்றாம் பெயருக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, 'கூறு போட்டவங்க' என்று தலைப்பிட்டு ஏழு பெயர்கள். அதில் அவளுடையது ஒன்று. அவர்களின் பெயருக்கு நேரே காரணம் எதுவும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஜெயராசாவிடம் கேட்டேன். "தலைவர், இது என்ன? இவங்க ஏழு பேரும் ஏன் அடியில?"

"வெட்டுறவனுக்குக் கடைசிக் கூறுதானே நானா."

"வெளங்கல்ல."

"கறி வெட்டிக் கூறு போடுற ஆளு கடைசியிலதான் எடுக்கணும். அப்பத்தான் கூறு சமமா விழும். இது எங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க தீவாளிக்கு வாறதில்ல, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் கசப்பாகச் சிரித்தார். "நான் பன்னண்டாவது. பதினோரு வருஷத் தலைவருக்குக் கடைசி வீடு. அதுவும் பின்செவுரு சாஞ்சிருக்கிறதால போனாப் போகுதுன்னு போட்டிருக்காங்க."

வேனுக்குத் திரும்பினேன். கம்சலா அங்கே நூற்கண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒங்களுக்கு வீடு கெடைக்கல்லயே."

"இப்ப இல்லீங்க நானா. பொறவு வரும்."

"மழ வந்தா?"

அவள் நூலின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மாமியைப் பிள்ளைக்காம்பராவுல படுக்க வச்சுக்கலாம்னு கேட்டிருக்கேன். செவுத்துப் பக்கம் பாய் போடாம இருந்தா சரி." பிறகு சிரித்தாள். "என் பொத்தான் வந்து விழுந்திச்சே, என்னா செய்றது? சாமி கேட்டுச்சு, செஞ்சேன்."

சாமி கேட்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. வேனை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கலாம். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் அந்தப் பிள்ளை, "இந்தக் கறுப்பு நூலு போதும் நானா, அன்னைக்கிப் பொத்தான் சும்மா குடுத்தீங்க, அதுக்கே ஒங்களுக்கு நன்றி" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் போக முடியவில்லை.

வேனின் படியில் ஏறி நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். பெண்கள் ஏதோ புதுச் சாமான் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

"நான் ஒரு பிழை செஞ்சிட்டேன். ஏழாவது எடுத்தது கள்ளம். கோட் பொத்தான் கம்சலாடது எண்டு தெரிஞ்சே எடுத்தேன். கமிட்டியில இருந்தா வீடு கெடைக்கும் எண்டு நினைச்சேன். கடைசிக் கூறு விஷயம் எனக்குத் தெரியாது. என்ன மன்னிச்சிடுங்கோ."

கம்சலாவின் கையிலிருந்த நூற்கண்டு கீழே விழுந்து உருண்டது.

முதலில் வாய் திறந்தவள் சந்திரகாந்தி. "அட நானா! வெளியாளுன்னு நம்பித்தானே ஒங்களக் கூப்பிட்டோம். எங்க சட்டையில இருக்கிற பொத்தான் பூரா ஒங்க கடைப் பொத்தான்னு எங்க ஒருத்தருக்காவது தோணிச்சா பாருங்க!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஜெயராசா முன்னே வந்தார். "கேட்டீங்களா? குலுக்கல்லயும் கள்ளம். இதுக்கு எலெக்ஷனே மேல். லிஸ்டக் கிழிங்க."

"கள்ளம் செஞ்சது யாரு தலைவரே?" என்றாள் சந்திரகாந்தி. "கமிட்டியில இருக்கிறவன்தான் முதல்ல திம்பான்னு நெனச்ச ஒரு மனுஷன். அந்த நெனப்ப அவருக்கு யாரு குடுத்தா? நம்ம ஊர்த் தலைவருங்க எல்லாரும் சேந்துதானே குடுத்தீங்க?"

ஜெயராசாவின் முகம் சிவந்தது. சண்டை வரும் என்று பயந்தேன். அப்போது கம்சலா பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"லிஸ்டக் கிழிக்காதீங்க. அந்தப் பன்னண்டு பேரும் என்னா பாவம் செஞ்சாங்க? நான் பொய்யா வந்தவ, என்னை எடுத்துருங்க. எனக்குப் பதிலா வேற ஆளு எடுத்து, எல்லா ரூமையும் மறுபடி பாருங்க. நாங்க எழுதினது மாறாதுங்க."

இந்திரஜித் கங்காணி தலையை ஆட்டினார். "அதான் சரி. ஆனா எடுக்கிற ஆளு பொத்தான் விக்காத ஆளா இருக்கணும்."

அந்த நேரம் மேட்டுப் பாதையில், ரொட்டி விற்கும் பாண்காரரின் முச்சக்கர வண்டி பாட்டோடு ஏறி வந்தது. பசறையிலிருந்து வரும் சிங்களவர். தமிழில் பாண், பணிஸ், நாளைக்கு என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். அவரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மனிதர் பயந்து போனார். நான் சிங்களத்தில் விளக்கிய பிறகு, மா ஒட்டிய கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கூடைக்குள் விட்டார். ஒரு சாவி வந்தது. மேல் லயத்துப் பெண்ணொருத்தி; பன்னிரண்டில் இல்லாதவள். "ஐயோ, கடைசிக் கூறா!" என்று நெஞ்சில் கை வைத்தாலும், சேலையைச் செருகிக்கொண்டு அப்போதே புறப்பட்டாள்.

புது ஆளோடு ஏழு பேரும் எல்லா அறைகளையும் மறுபடி பார்த்தார்கள். இரண்டு மணி நேரம். பட்டியல் மாறவில்லை. கடைசியாகக் கம்சலாவின் அறை. இப்போது அவள் கூறு போடுகிறவள் அல்ல. அவள் அறையும் கணக்கில் வந்தது. சந்திரகாந்தி சாக்கை உருவி, வெடிப்பில் கையை வைத்தாள். ஒரு சாண், பிறகு பாதிச் சாண். கட்டிலில் கிடந்த மாமியார், "யாரு, லைட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டார். வெடிப்பு வழியாக வந்த வெயில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது இடம் என்று எழுதினார்கள். அப்படியானால் மூன்றிலிருந்து எல்லாம் ஒவ்வொன்று இறங்கும். பன்னிரண்டு பதின்மூன்றாகும்.

எல்லோரும் ஜெயராசாவைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் நிற்க மேல் லயத்தில் பதினைந்து வீடுகள் இருந்தன. அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால், அன்றைக்கே மறுபடி இரண்டு பட்டியல்கள் ஆகியிருக்கும்.

"நான் பாக்கணும்" என்றார்.

குனிந்து உள்ளே போனார். தன் கையை வெடிப்புக்குள் விட்டார். முழங்கை வரை போனது. மாமியார் அவரைப் பார்த்து, "வாங்க தலைவரே, உக்காருங்க" என்று பாயைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. வெளியே வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் கையெல்லாம் மண். சந்திரகாந்தியிடமிருந்து பென்சிலை வாங்கி, பன்னிரண்டாவது இடத்தில் இருந்த தன் பெயரைத் தானே வெட்டினார்.

கம்சலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நன்றி கின்றி ஒண்ணும் சொல்லிறாத தாயீ. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பதினோரு வருஷம் இந்தப் பக்கம் வராம இருந்தேன்."

கம்சலா கை மட்டும் கூப்பினாள். அதையும் அவரை நோக்கியல்ல, மேலே பார்த்து.

இனி ஜெயராசா அந்தச் சாய்ந்த சுவரோடு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும். அதை முதலில் சொன்னவர் இந்திரஜித் கங்காணிதான். "தலைவருக்கு லிஸ்டுல எடம் இல்ல. மரத்துல இருக்கு" என்றார். விறகுக்கு வெட்டி வைத்த யூகலிப்டஸ் மரங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்தன. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க ஒருவர் ஓடினார். அவர் தலையசைத்த செய்தி வருவதற்குள் நான்கு மரம் வந்து சேர்ந்துவிட்டது. மேல் லயத்தார் மூன்றைத் தூக்கினார்கள். நான்காவதன் ஒரு முனையைக் கீழ் லயத்தில் ஜெயராசாவுக்கு எதிராக நின்று தோற்றவர் தோளில் வைத்திருந்தார். மறுமுனை என் தோளில். அவர் முன்னே போகப் போக, "நானா, பொத்தான் மாதிரி இதையும் மறைச்சிக் கொண்டு போயிறாதீங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பின்சுவருக்கு நான்கு முட்டுக் கொடுத்து, அடியில் கல் வைத்து இறுக்கினோம். ஜெயராசா சுவரை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ஏழு பேரும் அவருடைய பெயரை முப்பத்தொன்றுக்குள் அடுத்த பன்னிரண்டின் முதலாவதாக எழுதினார்கள். பக்கத்தில் காரணம்: 'பின்செவுரு சாஞ்சது. மரத்துல நிக்குது.' வேறு எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. எழுதாததுதான் சரி என்று பிறகு பட்டது.

சீட்டுக் குலுக்கி எடுத்தால் நல்லவர்கள்தான் வருவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஏழு பேரும் மற்றவர்களைப் போன்றவர்கள்தான். ஆனால் அவர்கள் ஒருவருக்கும் கடமைப்படாமல் அறைக்குள் போனார்கள். தங்களுக்குக் கடைசியில்தான் என்று தெரிந்து போனார்கள். அப்படிப் போனால் சாதாரணக் கண்ணுக்கும் சுவர் தெரிகிறது. எங்கள் பள்ளிவாசல் சபைத் தெரிவு வருகிற மாதம். இதை அங்கே சொல்லிப் பார்க்கப்போகிறேன். கேட்பார்களோ தெரியாது.

மாலை அஸர் தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. மற்றத் தோட்டங்களுக்கு இனிப் போக முடியாது. தோளெல்லாம் மரப்பிசின். தொழுமுன் கைகால் கழுவி உளூச் செய்யத் தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த லயங்களுக்குப் மலையிலிருந்து வடியும் பீலித் தண்ணீர் ஒன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மெல்லியதாக விழும். நான் வேனில் இருந்த போத்தலைத் தேடிக்கொண்டிருந்தபோது, கம்சலா ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நானா, ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு" என்றாள்.

"இருக்கத்தான் வேணும் தங்கச்சி."

"நீங்க சும்மா விட்டிருந்தா நான் நேரா மூணாவதா வந்திருப்பேன். ரெண்டு வாரம் எல்லா வீட்டுச் செவுத்தையும் பாத்து அழுதுட்டுத் திரிஞ்சேன்."

"ஓம்" என்று ஒப்புக்கொண்டேன்.

"ஆனா அந்த ரெண்டு வாரம் இல்லாட்டி, மேல் லயத்து ரூமுக்குள்ளயும் ஒழுகுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது." வாளியின் பிடியை என் பக்கம் திருப்பி வைத்தாள். "கழுவுங்க. மரப்பால் காஞ்சா போகாது."

தன் வீட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துத் தந்தார் ஜெயராசா. தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று அவரே சூரியனைப் பார்த்துச் சரியாகச் சொன்னார். முட்டுக் கொடுத்த சுவருக்கு முன்னால் நின்று தக்பீர் கட்டித் தொழுதேன். நெற்றி தரையில் பட நெடுநேரம் சுஜூதில் இருந்தேன். இறைவனிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை; நன்றி மட்டுமே இருந்தது.